எஞ்சினுக்கு வைத்த பொட்டு

கோகிலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவி தினேஸ்வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அது இன்னும் ஒரு முழம் நீளும். ஈப்போவின் புந்தோங் பகுதித் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாலும் சரி, சிம்பாங் பூலாய் கல்குவாரியில் லோரியை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலும் சரி, யாராவது கைப்பேசி கெட்டுப்போச்சு என்று முனகினால் போதும்.

"என் வீட்டுக்காரிகிட்ட குடுங்கலா. கம்ப்யூட்டரையே கழட்டி மாட்டுற ஆளு அவ," என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவான்.

விளைவு என்ன? கைப்பேசியும் மோடமும் வந்ததோடு நிற்கவில்லை. மின்சாரச் சோற்றுப்பானை வந்தது, காற்றாடி வந்தது, ஒருமுறை யாரோ ஒருவருடைய துணி துவைக்கும் இயந்திரம்கூட வேனில் ஏறி வாசலில் வந்து இறங்கியது. தினேஸ்வரிக்குக் கூச்சத்தில் காதெல்லாம் சூடாகிவிடும். "அவரு சும்மா சொல்றாருண்ணே. எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது," என்பாள். சொல்லிவிட்டு, வந்தவர் தலை மறைந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பெரும்பாலும் சரிசெய்தும் விடுவாள். அந்த வீட்டில் பொய் சொல்கிற ஆள் யார் என்று என்னைக் கேட்டால் கோகிலனைக் கை காட்டமாட்டேன்.

அவள் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அப்பா குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கணினி பழுதுபார்ப்பில் ஒரு சான்றிதழ் படிப்புப் படித்தாள். வகுப்பில் நல்ல பேர். ஆனால் வேலை கேட்டுப் போன கணினிக் கடைகளில் எல்லாம் அவளைக் கல்லாவில் உட்காரச் சொன்னார்களே தவிர, திருப்புளியைக் கையில் கொடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. பிறகு கலியாணம். பிறகு பேரங்காடியில் காசாளர் வேலை. சாமானை எடுத்து, சிவப்பு வெளிச்சத்தில் காட்டி, பையில் போட்டு, 'நன்றி, மீண்டும் வருக' சொல்லி, கால் வீங்கி வீட்டுக்கு வருவாள். படித்த படிப்பை அவளே மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டாள்.

கோகிலன் மறக்கவில்லை. அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களோடு மாட்டி வைத்திருந்தான். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் அது தொங்கியது. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று உண்டு. "அது சாமி இல்லைங்க," என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "எனக்குத் தெரியும்லா," என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் காட்டுவான்.

இந்த வருடம்தான் பினாங்கு நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் நிறுவனம். இணைப்பில் கோளாறு என்று வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால், தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் அதைக் கேட்டுத் தீர்த்துவைக்க ஆட்கள் தேவை. மலாயும் ஆங்கிலமும் போதும், தமிழ் தெரிந்தால் இன்னும் நல்லது. தினேஸ்வரி மனுப் போட்டாள். கோகிலனிடம்கூடச் சொல்லாமல்தான் போட்டாள், இல்லாவிட்டால் குவாரி முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு நேர்காணலும் தேறிய பிறகுதான் அவனிடம் வாயைத் திறந்தாள். கடைசியாக ஒரு சோதனை அழைப்பு மட்டும் பாக்கி. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அவளுடைய சொந்தக் கணினியிலிருந்து, நிறுவனம் அதில் ஏற்றிக்கொடுத்த மென்பொருள் வழியாக. ஒரே ஒரு கறாரான நிபந்தனை: கணினி வைஃபையில் இருக்கக்கூடாது, கேபிள் வயரில்தான் இருக்கவேண்டும்.

அதற்கென்ன, வயர் போட்டுத்தான் வைத்திருந்தாள். புதன்கிழமை பிற்பகல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் விளையாட்டுக் கிடையாது. சுற்றியிருக்கிற சுண்ணாம்புக் குன்றுகள் எல்லாம் சேர்ந்து உறுமுவதுபோல் இடி இடிக்கும். அன்று மின்னல் வெட்ட ஆரம்பித்ததும் தினேஸ்வரி ஓடிப்போய்க் கணினியின் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினாள். மோடத்தின் பிளக்கையும் பிடுங்கினாள். துணி எடுக்க வெளியே ஓடினாள். சுவரிலிருந்து மோடத்துக்கு வருகிற இன்டர்நெட் வயரையும், மோடத்திலிருந்து கணினிக்குப் போகிற வயரையும் அப்படியே விட்டுவிட்டாள். பெரிய இடி ஒன்று விழுந்தது. வீட்டு ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது.

மழை விட்ட பிறகு கணினியைப் போட்டுப் பார்த்தால் திரை வந்தது, அதில் வைத்திருந்த சாமிப் படம் வந்தது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை. பின்பக்கம் வயர் செருகுகிற துளையில் எப்போதும் மினுக்கும் சின்ன விளக்கு செத்துக்கிடந்தது. மின்னல் வயர் வழியாக வந்து அந்தத் துளையை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

தினேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே. அடுத்தவர் வீட்டு இணைப்பைச் சரிசெய்ய வேலை கேட்டிருக்கிறாள். அவள் வீட்டு வயரைப் பிடுங்க அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் டவுனுக்குப் போய் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒரு நெட்வர்க் கார்டு. உள்ளங்கையில் அடங்குகிற பச்சைத் தகடு. கணினியின் உள்ளே இருக்கும் காலி இடுக்கில் செருகினால் செத்த துளைக்குப் பதிலாகப் புதிய துளை கிடைத்துவிடும். கடைக்காரச் சீனர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கொண்டுவந்தால் நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்றார்.

"நாளைக்கு லேட்டு தவுக்கே. நானே போட்டுக்குவேன்," என்றாள் மலாயில் அந்த முதலாளியிடம். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, 'எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது' என்ற பேச்சு இந்தத் தடவை வாயில் வரவே இல்லை என்று.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தாள். கணினிப் பெட்டியைப் படுக்கவைத்து, எல்லா வயரையும், மறக்காமல் எல்லா வயரையும், கழற்றினாள். வளையலைக் கழற்றி வைத்தாள். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்குப் போட்டுக்கொண்டாள். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்கவேண்டும் என்று படித்தது நினைவிருந்தது. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். தொட்டாள். பக்கவாட்டுத் தகட்டைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே காற்றாடியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு. நினைவகத் தகடுகளின் தலையில் ஆளுக்கு ஒரு பொட்டு. பெரிய போர்டில் வழவழப்பாக இருந்த இடமெல்லாம் பொட்டு. போர்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த காலி இடுக்குகளின் வாயில்கூட, அளவெடுத்து வைத்ததுபோல், சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன.

போன மாதம் ஆயுத பூசை. அன்று காலையில் கோகிலன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான், இவள் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தாள். "தினா, ஒன் திருப்புளி எங்கமா?" என்று கேட்டான். லோரிக்கு என்று நினைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். லோரிக்குப் பொட்டு வைப்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்ற டிரைவர்கள் கண்ணாடியிலும் சக்கரத்திலும் வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பிவிடுவார்கள். அவன் முதலில் முன்மூடியைத் திறந்து எஞ்சினுக்கு வைப்பான். வெளியே வைக்கிறது பார்க்கிறவனுக்கு, உள்ளே வைத்தால்தான் வண்டிக்குச் சேரும் என்பது அவன் கட்சி. கணினிக்கும் முன்மூடி உண்டு என்று கண்டுபிடித்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பற்றிக்கொண்டும் வந்தது. சிரிக்க நேரம் இல்லை. காய்ந்த துணியை எடுத்துப் போர்டின் மேல் இருந்த பொட்டுகளை அவசர அவசரமாகத் துடைத்தாள். இடுக்கின் வாயில் இருந்ததையும் ஒரு தேய் தேய்த்தாள். மேலுக்குச் சுத்தமாகிவிட்டது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நேராகப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. திருகாணி போட்டாள். மூடினாள். வயர்களை மாட்டிப் போட்டாள்.

கணினி எழுந்தது. புதிய கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தேடினாள். செத்துப்போன பழைய துளையின் பேர்கூட இருந்தது. புதிய கார்டு என்ற ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை. அணைத்து, கழற்றி, கார்டின் தங்க நிறப் பற்களை அழிப்பானால் தேய்த்து மறுபடியும் போட்டாள். இல்லை. மிச்சம் இருந்த ஒரே இடுக்கில் போடலாம் என்றால், பக்கத்திலிருந்த திரைக்கான பெரிய கார்டு பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒருமுறை கழற்றிப் போட்டாள். அப்போதும் இல்லை.

மின்னல் துளையை மட்டும் தின்னவில்லையோ? போர்டையே தின்றிருந்தால் இந்தக் கார்டு என்ன, எந்தக் கார்டும் உட்காராது. அப்படி இருந்தால் எல்லாம் முடிந்தது. திரும்பவும் சிவப்பு வெளிச்சம், திரும்பவும் மீண்டும் வருக.

நிறுவனத்தில் அவளுக்குப் பொறுப்பாளர் கிளாரிசா. குரலை மட்டும்தான் தெரியும், நல்ல குரல். கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள்.

"ஐயோ தினேஸ்," என்றாள் கிளாரிசா. "நாளைக்குத் தள்ளிப் போட எனக்கும் ஆசதான்லா. ஆனா இன்னிக்குச் சாயந்தரம் நான் பேரு குடுத்தாகணும். இன்னும் ரெண்டு பேரு வரிசையில நிக்கிறாங்க. மூணு மணிக்குள்ள எப்படியாச்சும் பாருங்க, ஆ?"

இவள் பேசிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வேலி ஓரத்தில் பாஸ்கல் அண்ணன் வந்து நின்றார். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் பணியாளர். அன்று அவருக்கு விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்.

"என்னாம்மா, ஏதும் ஒதவி வேணுமா? என் லேப்டாப் சும்மாதான் கெடக்கு."

"அதுல ஆகாதுண்ணே. கம்பெனி சாமான் எல்லாம் இந்தப் பெட்டியிலதான் ஏத்தியிருக்காங்க."

"கடையில குடுத்துப் பாக்குறதுதானே?"

"நாளைக்குத்தான் தருவாங்களாம்."

அவர் தலையை ஆட்டினார். மேற்கொண்டு யோசனை சொல்லாமல் நின்றதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

தினேஸ்வரி மறுபடியும் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினாள். இந்தத் தடவை கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, கன்னம் இரும்பில் படுகிற அளவுக்குக் குனிந்து, இடுக்கின் உள்ளே பார்த்தாள். இரண்டு பக்கமும் நுணுக்கமான கம்பிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவில், பாதி தூரத்துக்கு, மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தாள். சந்தனம்.

வாயில் வைத்த பொட்டின் மிச்சம் முன்பே கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். காலையில் அவசரத்தில் துடைத்தபோது மேலே இருந்ததையும் உள்ளே தள்ளியது யார்? அவளேதான். அதன் மேல் கார்டை வைத்து அழுத்தி, கெட்டிப்படுத்தியும் விட்டாள். கோகிலனைத் திட்ட எடுத்த வாய், பாதியை விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மீதிப் பாதியோடு அவனைக் கூப்பிட்டாள்.

குவாரியில் கல் உடைக்கும் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான். "சொல்லுமா! ஆயிருச்சா?"

"ஏங்க, பெட்டிக்குள்ள பொட்டு வச்சீங்களா?"

"ஆமா. ஆயுத பூசைக்கு. ஏன், இப்பத்தான் பாத்தியா?" குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. பாராட்டை எதிர்பார்க்கிற குரல்.

"உள்ள போயா வைப்பாங்க?"

"எஞ்சினுக்கு வைக்காம வெளியில மட்டும் வச்சா எப்படிமா?"

"அதுக்கு எஞ்சின்லாம் இல்லைங்க!"

"எது எஞ்சினுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் ஒன்னையும் விடாம எல்லாத்துக்கும் வச்சேன்."

காலி இடுக்குகளின் வாயில் அளவெடுத்து வைத்த அந்தப் பொட்டுகள் அவள் கண்ணில் வந்து நின்றன. லோரி ஓட்டும் தடித்த விரலால், எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்திருப்பான். இவளுடைய பெட்டி என்பதால் ஒரு இடத்தையும் விட மனசில்லாமல் வைத்திருக்கிறான்.

"கெட்டுப்போச்சா தினா?" இப்போதுதான் குரல் இறங்கியது.

"இடுக்குல அடைச்சிருக்கு. எடுத்துப் பாக்குறேன்."

"நீ பண்ணிருவ," என்றான். பிறகு போனை வாயிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் யாரிடமோ சொன்னான்: "என் வீட்டுக்காரிக்கு இன்னிக்குப் பெரிய பரீட்சைலா. மூணு மணிக்குப் பாரு நீ." அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

காய்ந்த சந்தனத்தைத் தண்ணீரால் எடுக்க முடியாது; போர்டில் தண்ணீர் படக்கூடாது. ஊசியால் குத்தினால் கம்பி வளைந்துவிடும். வேலிப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கீபோர்டு சாவிக்கு அடியில தொடைக்க ஏதோ ஆல்கஹால் வச்சிருப்பீங்களே?"

பாஸ்கல் அண்ணன் ஓடிப்போய்க் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று அவள் சொன்னதும் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். "கீபோர்டுலகூட மெழுகுவத்தி உருகி ஊத்தியிருக்கும்மா. சந்தனம் நான் பாத்ததில்ல," என்றார்.

தினேஸ்வரி ஒரு கலியாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையிலிருந்து மெல்லிய துண்டு வெட்டினாள். அதில் பழைய கைக்குட்டைத் துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, இடுக்கில் இறக்கி, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தாள். துணி மஞ்சளாக வந்தது. துணியை மாற்றினாள். சிவப்பாக வந்தது. மாற்றினாள். ஊற வைத்து, மென்மையான பல்துலக்கியால் நீவினாள். கல்லாவில் சில்லறை எண்ணும்போது தடுமாறுகிற கை, இங்கே தன் வேலை இதுதான் என்பதுபோல் நிதானமாகப் போய் வந்தது. கடைசித் துணி வெள்ளையாக வந்தது. சின்னக் காற்றாடியைத் திருப்பி வைத்துக் காயவிட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு வரிசைக் கம்பியும் ஒழுங்காகப் பளபளத்தன.

கார்டைப் போட்டாள். 'டக்'. திருகாணி. மின்சாரம்.

பட்டியலில் கடைசியில் ஒரு புதிய வரி. பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி. அந்த மஞ்சளைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்டவள் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள். போர்டு சாகவில்லை, கார்டைக் கண்டுகொண்டது. அதற்கு வேண்டிய மென்பொருள்தான் இல்லை. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வரத்தான் இந்தக் கார்டே. நல்ல வேடிக்கை. கைப்பேசியை ஒரு வயரால் கணினியோடு கோத்து, அதன் தரவை வாங்கி, மென்பொருளை இறக்கி ஏற்றினாள். மஞ்சள் குறி போய்விட்டது. மோடத்தின் வயரை இப்போதுதான் புதிய துளையில் செருகினாள்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, இன்டர்நெட் வரவில்லை. கணினிக்கு மோடம் ஒரு முகவரி எண் கொடுக்கவேண்டும். அது வராததால் கணினி தனக்குத் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 169 என்று தொடங்கும் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பறையும் வெள்ளைப்பலகையும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த எண் வந்தால் எதிர்ப்பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். கார்டு நல்லது, மென்பொருள் நல்லது. அப்படியானால் மோடம். மின்னல் வயரின் ஒரு முனையை மட்டும் தின்னுமா என்ன? மோடத்தின் முதல் துளையிலிருந்து வயரைப் பிடுங்கி மூன்றாவதில் செருகினாள்.

பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

தினேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள். "ஆயிருச்சுண்ணே!" என்று கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாஸ்கல் அண்ணன் கை தட்டினார். சும்மா இருக்கும்போது கார்டு தூங்கிவிடக் கூடாது என்று அந்த அமைப்பையும் தேடி மாற்றினாள். பாதிப் பேச்சில் அது கண்ணயர்ந்துவிட்டால் மானம் போய்விடும். வேகத்தைச் சோதித்தாள். முகம் கழுவினாள். மூன்று மணிக்கு முன்பே காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சோதனை அழைப்பில் கிளாரிசாவே வாடிக்கையாளராக நடித்தாள். நல்ல நடிப்பு. எடுத்த எடுப்பிலேயே காய்ந்தாள்.

"நான் சிலிம் ரிவர்லேர்ந்து பேசுறேன்! நேத்து இடி இடிச்சதுலேர்ந்து லைன் இல்ல! மாசாமாசம் கட்டுறோம்ல? என்னா கம்பெனி நடத்துறீங்க?"

தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து அவள் பட்டதெல்லாம் அப்படியே கேள்வித்தாளாக வந்து முன்னால் விழுந்திருந்தது.

"கவலப்படாதீங்கம்மா, சேர்ந்து பாத்துருவோம். மோடத்துல வெளக்கு எரியுதா? நல்லது. கம்ப்யூட்டருக்குப் போற வயரு எந்தத் தொளையில இருக்கு? அதப் புடுங்கி வேற தொளையில போட்டுப் பாருங்க. இப்ப?"

"இப்பவும் இல்ல!"

"கம்ப்யூட்டருக்குப் பின்னால வயரு போற எடத்துல வெளக்கு எரியுதா? இல்லியா. அப்ப அந்தத் தொளைய மின்னல் அடிச்சிருக்கும். பயப்படாதீங்க, பெட்டி போயிரல. ஒரு சின்ன கார்டு போட்டா போதும்."

"கார்டுதான் போட்டாச்சே! அதுவும் வேல செய்யல! இப்ப என்னா சொல்றீங்க?" கிளாரிசா வேண்டுமென்றே முடிச்சுப் போட்டாள்.

"போட்டாச்சா. சரிம்மா. ஒரு வார்த்த கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் தினேஸ்வரி. "வீட்டுல ஆயுத பூசை கும்பிட்டீங்களா?"

வாடிக்கையாளர் போய், பழைய கிளாரிசா திரும்பி வந்தாள்.

"என்னது?"

தினேஸ்வரி சொன்னாள். பொட்டு, இடுக்கு, தான் துடைத்த துடைப்பு, கலியாணப் பத்திரிகை, கீபோர்டு ஆல்கஹால், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கணவனை விட்டுக்கொடுக்காமலும் சொன்னாள். கிளாரிசா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் இருமினாள்.

"எங்க அப்பா புதுக் கார் வாங்குனா சர்ச் ஃபாதரைக் கூட்டிவந்து பானட்டத் தொறந்து எஞ்சின்ல தீர்த்தம் தெளிக்கச் சொல்வாரு," என்றாள் கண்ணைத் துடைக்கிற குரலில். "நல்லவேள, கம்ப்யூட்டர் வாங்குனப்ப கூட்டிட்டு வரல. தினேஸ், அக்டோபர், நவம்பர்ல தமிழ்க்காரங்க யாரு கூப்பிட்டாலும் இந்தக் கேள்விய நாங்க கேக்கணும். நீங்கதான் எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். திங்கக்கெழம காலையில வேலைய ஆரம்பிச்சிருங்க."

"திங்கக்கெழமயா?" என்றாள் தினேஸ்வரி.

சாயந்தரம் கோகிலனின் லோரி முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. வழக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டு வருவான். அன்று அடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புத் தூசியோடு கதவோரம் வந்து நின்றான். அவன் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்து அவள் பார்த்ததில்லை.

கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை. "கெடைச்சிருச்சுங்க. திங்கக்கெழம ஆரம்பம்," என்றாள்.

கோகிலன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்ததில் தூசி எல்லாம் சேறாகிவிட்டது. அவள் அவனை எழுப்பி மேசைக்கு அழைத்துப் போனாள். கணினியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது, மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

"இதுதான் நீ போட்டதா?"

"இதுதான்."

குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"ஆனா ஒன்னு தினா. அவ்வளவு பெரிய இடி. தொள மட்டும்தான் போச்சு, பெட்டி பொழச்சிக்கிச்சு. எப்படி பொழச்சிச்சு? உள்ள யாரு வச்ச பொட்டு?"

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. காற்றாடியின் நடுவிலும் மின்பெட்டியின் நெற்றியிலும் இருந்த பொட்டுகளை அவள் துடைக்காமல் விட்டிருந்தாள். அங்கே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அவன் அதற்குள் கைப்பேசியில் விளக்கைப் படம் பிடித்து, லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். 'என் வீட்டுக்காரி போட்டது' என்று கீழே எழுதியிருந்தான். அது என்னவென்று அங்கே ஒருவருக்கும் புரிந்திருக்காது. உடனே போன் அடித்தது. கோகிலன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தங்கச்சி," என்றார் மறுமுனையில் ஒரு மூத்த டிரைவர். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "மச்சான் காலையிலேர்ந்து ஒங்களப் பத்தி பேசி எங்க காத தின்னுட்டான்லா. மச்சான் வாயிதான் ஒங்களுக்குத் தெரியுமே. நெசமாவே நீங்கதான் எல்லாம் பண்ணுனீங்களா?"

கோகிலன் அவளைப் பார்த்தான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருடமாகக் கேட்ட பதில்தானே. அதற்குத் தயாராக, லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"நெசந்தாண்ணே," என்றாள் தினேஸ்வரி. குரல் ஓங்கியே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். "கார்டு வாங்குனது, போட்டது, அடைச்சத எடுத்தது, செட் பண்ணுனது, எல்லாம் நான்தான். ஒங்க மச்சான் இத்தன வருசமா என்னப் பத்திச் சொன்னதுல ஒன்னுகூடப் பொய் இல்லண்ணே."

கோகிலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முருகனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பார்த்தது பக்கத்தில் தொங்கிய சான்றிதழை.

"அப்படின்னா எங்க வீட்டு மோடத்தையும் கொண்டாந்துரவா தங்கச்சி? அதுவும் போன மாசத்துலேர்ந்து மக்கர் பண்ணுது."

"கொண்டாங்கண்ணே," என்றாள் தினேஸ்வரி. "அப்படியே, பூசைக்கு அதத் தொறந்தது யாருன்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க."